கம்பியைப் பிடிக்காதவள்

தெருவில் எல்லோருக்கும் அவள் கண்டக்டரம்மா. வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ காலமாகியும் பேர் மட்டும் ஓய்வு பெறவில்லை.

ஓடுகிற பஸ்ஸில் எதையும் தொடாமல் நடந்து டிக்கெட் கிழித்தவள் அவள். இடது தோளில் சில்லறை கனக்கும் தோல்பை தொங்கும்; பஸ் குலுங்கினால் கை அதைத்தான் அணைத்துக்கொள்ளும். முழங்காலைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்வாள், அவ்வளவுதான். யாராவது தடுமாறினால் போதும், "கம்பியப் புடிங்க! அது என்ன அழகுக்கா வச்சிருக்கு?" என்று ஒரு அதட்டல். தான் மட்டும் பிடித்ததே இல்லை. அதில் அவளுக்கு அப்படியொரு ஜம்பம்.

அந்த உடம்புதான் காலை வாரிவிட்டது. பாத்ரூமில் வழுக்கி மணிக்கட்டு முறிந்தபோது, எலும்பெல்லாம் வலுவிழந்து சல்லடையாகிவிட்டது என்றார் டாக்டர்.

"இன்னொரு தடவ விழுந்தே, வீட்டப் பூட்டிட்டு எங்கூட வந்துடணும். பேச்சே கிடையாது" என்று மகள் கறாராகச் சொல்லிவிட்டாள். மகள் தங்கமானவள்தான். ஆனாலும் தன் வீட்டுச் சாவி தன் இடுப்பில் இல்லாத ஒரு நாளைக் கண்டக்டரம்மாவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அதனால் பிசியோதெரபி பெண் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்ததை ஒன்றுவிடாமல் செய்தாள். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்தாள், குதிகாலை உயர்த்தி இறக்கினாள், ரப்பர் பட்டையை இழுத்தாள். ஒற்றைக் காலில் நிற்கும்போது நாற்காலி முதுகைப் பிடிக்க வேண்டும் என்றபோதுதான் எரிச்சல் வந்தது. "நான் பாக்காத ஆட்டமா?" என்று முணுமுணுத்தாலும் பிடித்துக்கொண்டாள். போகப் போகக் காலில் தெம்பு வந்தது. கடைக்குத் தனியாகப் போய் வந்தாள்.

ஒருநாள் பிசியோதெரபி பெண் இருக்கும்போதே மகள் வந்து, கதவில் சாய்ந்தபடி இதையெல்லாம் பார்த்தாள். "எதுக்கும்மா இந்தப் பாடு? பேசாம எங்கூட வந்துடேன்" என்றாள்.

கண்டக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. "இங்க பாருடி" என்று நாற்காலியிலிருந்து கையை எடுத்தாள்.

"ஐயோ, புடிச்சுக்கங்கம்மா!" என்று பதறினாள் பிசியோதெரபி பெண்.

நின்றாள். ஒற்றைக் காலில், எதையும் பிடிக்காமல், பழைய கண்டக்டராக நின்றாள். "அடேயப்பா!" என்றாள் மகள். அந்தச் சந்தோஷம்தான் கெடுத்தது. உடம்பு லேசாகச் சாய்ந்ததும், பழைய பழக்கத்தில் கை தானாக இடது தோளுக்குப் போய்ப் பையைத் தேடியது. பை ஏது? நாற்காலியைப் பிடித்திருக்க வேண்டிய கை அது.

இடுப்பு எலும்பு முறிந்துபோயிற்று.

இப்போது மகள் வீட்டில், இரண்டு பக்கமும் கம்பி வைத்த கட்டிலில் கிடக்கிறாள். சாவி மகளின் கைப்பையில் இருக்கிறது. மகள் ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருந்தாலாவது தேவலை.

பிசியோதெரபி பெண் இங்கேயும் வருகிறாள். நேற்றுதான் முதல் தடவையாக அவளை எழுப்பி உட்காரவைத்தாள்.

"மெதுவா... கம்பியப் புடிங்கம்மா."

கண்டக்டரம்மா பிடித்தாள்.

"அவ்வளவுதான், உக்காந்துட்டீங்க. இப்ப கைய விட்டுடலாம்."

அவள் விடவில்லை.