கோழிக்கு அவர் கொடுத்த முகம்

கதிர்வேல் அண்ணன் இறந்த செய்தியை அவர் மனைவி தங்கம் அக்காதான் போனில் சொன்னார். "உங்கண்ணன் போயிட்டாரு, அம்மிணி. பேசாம இருந்ததெல்லாம் இருக்கட்டும், ஒருக்கா வந்துட்டுப் போ." பல வருடங்களாக நான் அவரிடம் பேசவில்லை என்பது உங்களில் பலருக்குத் தெரியும். காரணம் தெரியாது. நல்லதை மட்டும் எழுதச் சொன்னார்கள் நண்பர்கள். என்னால் முடியவில்லை.

நாமக்கல்லில் ஒரு லாரி உதிரிபாகக் கடையின் மாடியில் இருந்தது எங்கள் அனிமேஷன் அலுவலகம். நான் கதை எழுதுவேன். அவர் உருவங்களை வரைவார். சாலைப் பாதுகாப்புப் படம் ஒன்றில் லாரியின் முகப்பு விளக்குகளுக்குக் கனத்த இமைகள் வரைந்தார். திருச்செங்கோட்டில் அதைப் பார்த்த ஓட்டுநர் ஒருவர், "ஏனுங்க, நம்ம வண்டியும் இப்படித்தான் தூக்கத்துக்கு ஏங்குமுங்களா?" என்று கேட்டார். பிறகு வெளியே போய்த் தன் வண்டியின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். "கண்ணு ரெண்டும் நம்மளப் பாத்துட்டாப் போதும், அம்மிணி. அப்பறம் அதை வெறும் பொருளுன்னு சொல்ல மனசு வராது" என்பார் அண்ணன்.

குழந்தைகளை முட்டை சாப்பிட வைக்க ஒரு படம் வேண்டும் என்று கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் வந்தார். சிரித்தபடி முட்டை கொடுக்கும் கோழி ஒன்றை எழுதிக் கொடுத்தேன். அந்தச் சமயத்தில்தான், அலுவலகத்தில் யாருக்கும் நான் சொல்லியிராத என் கரு மூன்றாம் மாதத்தில் கலைந்தது. காய்ச்சல் என்று சொல்லி விடுப்பு எடுத்தேன். திரும்பி வந்ததும் எல்லோரும் காய்ச்சலை விசாரித்தார்கள். சிரித்துச் சமாளித்தேன்.

எடப்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில் படத்தைத் திரையிட்டோம். முடிந்த படத்தை நானும் அங்கேதான் முதலில் பார்த்தேன். முட்டையைக் கொடுத்துவிட்டு அந்தக் கோழி, நான் எழுதாத ஒன்றைச் செய்தது. வெறும் கூட்டைக் குனிந்து பார்த்தது. இறக்கையை வயிற்றின்மேல் வைத்தது. ஆள் வரும் சத்தம் கேட்டதும் சட்டென்று எடுத்துக்கொண்டு, நிறைந்த கண்களோடு அவசரமாகச் சிரித்தது.

அது நான்.

பிள்ளைகள் சிலர் அழுதுவிட்டார்கள். மதியச் சாப்பாட்டில் ஒரு சிறுமி முட்டையைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினாள். "வேண்டாங்க டீச்சர், அது தேடும்" என்றாள். பக்கத்தில் இருந்தவர்களும் தள்ளினார்கள். "திங்க வெக்கச் சொன்னா, அழ வெச்சுட்டீங்களே" என்று பண்ணைக்காரர் படத்தையே வேண்டாம் என்றுவிட்டார். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

வேனில் திரும்பும்போது கேட்டேன். "அது என்ற மொகந்தானுங்களே, அண்ணா?"

அவர் மறுக்கவில்லை. "ஆமா அம்மிணி. நீ சன்னல்கிட்ட நின்னுட்டிருந்தே. பாத்தேன்."

"ஒரு வார்த்தை கேக்கலாமில்லீங்களா?"

"கேட்டா வேண்டாம்னிருப்பே. அந்தக் கோழிக்கு உசுரு வந்திருக்காது."

என் கணவர் முன்னால்கூட நான் அழவில்லை. எதை மறைத்து வைத்திருந்தேனோ, அதைப் பார்த்து முன்பின் தெரியாத பிள்ளைகள் அழுதிருந்தார்கள். அந்த மாதமே வேலையை விட்டேன்.

தங்கம் அக்காவுக்காகப் போனேன். மாலை போட்டேன். அழுகை வரவில்லை.

இன்று என்னோடு வேலை செய்யும் ஓவியர்கள் புதிதாக ஓர் உருவத்தைக் கொண்டுவந்தால், "இது யாரோட முகம்? அவங்களுக்குத் தெரியுமா?" என்று முதலில் கேட்கிறேன். அண்ணன் என்னிடம் கேட்காமல் விட்டதிலிருந்து எனக்குக் கிடைத்த கேள்வி அது. அதோடு கோபத்தையும் வைத்திருக்கிறேன். அது காய்ச்சல் இல்லை என்று அந்த அலுவலகத்தில் கண்டுகொண்டவர் அவர் ஒருவர்தான். எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றிருக்கலாம். அவர் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார்.