கழற்றிய வயர்

சாய்ந்தமருதில் பிரிண்டர் திருத்தும் சியாமுக்கு வாய் பொல்லாதது. "முதல்ல பிளக்கைப் பார்த்தீங்களா?" என்று யாரையும் ஏசுவார். மனைவி மௌத்தாகி அடக்கம் செய்த பிறகு, வீட்டில் அவருக்குப் பதில் சொல்வது வயர் பார்க்கும் மல்டிமீற்றரின் பீப் சத்தம் மட்டும்தான்.

ஓய்வுபெற்ற கிளாக்கர் கலந்தர் காக்கா மூன்றாவது மாதமாகத் தன் பிரிண்டரைத் தூக்கி வந்தார். பிள்ளைகள் எல்லாரும் கட்டாரில் வேலை. சியாம் மூடியைக் கழற்றினார். முந்திய இரண்டு தடவையும் போல, உள்ளே பவர் வயர் கழன்று கிடந்தது. அது தானாகக் கழலாது. கொக்கியை நகத்தால் அழுத்தி இழுக்க வேண்டும். காக்காவின் பெருவிரல் நகத்தில் மை.

"என்ன பழுது தம்பி?"

ஏச்சு வாய் வரை வந்தது. சியாம் வயரை மாட்டாமலே மூடியைப் பூட்டினார்.

"பெரிய பழுது, காக்கா. கொஞ்ச நாள் செல்லும். ஒவ்வொரு நாளும் பின்னேரம் அசர் தொழுதிட்டு வந்து பாருங்க."