கோகிலனின் கிளட்ச் தகடுகள்

கோகிலனின் பிக்கப்பைக் கண்டதுமே சசிதரனுக்கு வயிறு எரிந்தது. ஏற்றத்தில் நின்றுபோன வண்டியை லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு கம்போங் ராஜா ஊரில் சசிதரன் வைத்திருந்த பட்டறைக்கு வந்திருந்தான் கோகிலன். பக்கத்தில் தானாகக் கியர் மாறும் ஆட்டோ கியர்பாக்ஸைப் பிரிக்கத் தெரிந்த வேறு ஆள் இல்லை. இல்லாவிட்டால் இந்தப் பட்டறைப் பக்கம் தலைவைத்துப் படுப்பானா?

கோகிலன் தேயிலைத் தோட்டத்துப் பட்டறையின் போர்மேன். எட்டு வருஷத்துக்கு முன் சசிதரன் அவனுக்குக் கீழே வேலை பார்த்தான். தோட்டத்து ஜீப்பின் கியர்பாக்ஸ் ஒரே வாரத்தில் கருகியபோது, "சசி பய கிளட்ச் தகட்ட எண்ணெயில ஊறப்போடாம மாட்டிட்டான்" என்று தோட்ட மேலாளரான துரையிடம் கோகிலன் கோள் சொன்னான். தகட்டை அப்படி மாட்டியதென்னவோ கோகிலன்தான். சசிதரனுக்கு வேலை போனது, தோட்டம் கொடுத்த லயத்து வீடு போனது. வண்டியைக் கெடுப்பவன் என்ற பெயர் மட்டும் போகவில்லை.

இப்போது கோகிலனின் கியர்பாக்ஸ் மேசைமேல் பிரிந்து கிடந்தது. அதன் கிளட்சில் இரும்புத் தகடு ஒன்று, உராய்வுத் தகடு ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். உராய்வுத் தகடுகள் முதலில் எண்ணெய் குடிக்க வேண்டும். உலர்ந்தபடி மாட்டினால் நாலு ஏற்றம் தாங்காது. கருகட்டுமே என்றது சசிதரனின் மனசு. எட்டு வருஷமாக அவன் காத்திருந்தது இதற்குத்தான். ஆனாலும் கை எண்ணெய்த் தட்டைத்தான் தேடியது.

பெஞ்சில் தோட்டத்து அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி இராமையா தன் மோட்டார் சைக்கிளுக்கு டயர் மாற்றக் காத்திருந்தார். சசிதரனை வேலையிலிருந்து நிறுத்திய கடிதத்தை எழுதியவர் அவர்.

"இன்னும் என்னா சசி? மணி ஒண்ணு ஆச்சு, மூணு மணிக்கு எனக்கு மீட்டிங் இருக்கு லா" என்று கோகிலன் கத்தினான்.

"தகடு ஊறணும்ணே. ஒரு மணி நேரம்."

"ஊறி என்னத்தக் கிழிக்கப் போவுது? நான் எத்தன வாட்டி காஞ்சத அப்படியே மாட்டிருக்கேன். மாட்டி மூடு லா!"

சசிதரன் நிமிர்ந்தான். "தோட்டத்து ஜீப்புக்கும் அப்படித்தான் மாட்டுனீங்களா?"

"அன்னைக்குத் துரை தலைமேல நின்னாரு, நான் என்னா..." கோகிலன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கிராணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப கெடுத்தது நீயா? இவன் மேல என்னைய எழுத வெச்சியேடா!"

கோகிலனின் முகம் செத்துப்போனது. சசிதரனுக்கு வயிறு குளிர்ந்தது. ஐயோ பாவம் என்று துளிகூடத் தோன்றவில்லை. தகடுகளை ஒவ்வொன்றாக எண்ணெயில் இறக்கினான். "உக்காருங்கண்ணே, கிராணி பக்கத்துல எடம் இருக்கு."

ஒரு மணி நேரம் போதும். சசிதரன் இரண்டு மணி நேரம் ஊறவிட்டான்.