அம்மா எடுத்த காணிக்கைப் பாட்டு

இன்று ஞாயிறு பூசையில் காணிக்கைப் பாட்டின் பாதியில் மின்சாரம் போனது. கீபோர்டும் மைக்கும் ஒரே நொடியில் அடங்கின. எனக்கு எட்டு வயதில் வந்த ஒரு ஞாயிறு நினைவுக்கு வந்துவிட்டது.

அப்போது அம்மா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டினார். அந்த இரைச்சலில் பேசிப் பழகியதால் அவர் வாயைத் திறந்தால் வீடே அதிரும். பாடற்குழுவில் சேர ஆசைப்பட்டு, குழுவை நடத்திய சூசை மாஸ்டரிடம் பாடிக் காட்டினார்.

"குரல் ரொம்பப் பெருசா இருக்குதுங்க்கா. மைக்கு தாங்காதுங்க" என்று மாஸ்டர் பணிவாகவே மறுத்துவிட்டார். அதன்பின் அம்மா கோயிலில் உதட்டை மட்டும்தான் அசைத்தார்.

அந்த வருடத் திருவிழா ஞாயிறன்று கோயில் நிறையக் கூட்டம். காணிக்கைப் பவனி புறப்பட்டதும் மின்சாரம் போய்விட்டது. குழுவின் பாட்டு முன்வரிசையைத் தாண்டவில்லை. பழக்கூடை ஏந்தியவர்கள் நடுவழியில் திருதிருவென விழித்தார்கள். அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கடைசி வரிசையிலிருந்து பாட்டின் அடுத்த அடியை எடுத்தார். அந்தக் குரல் நேராகப் பீடம்வரை போனது. பவனி நகர்ந்தது. கோயில் முழுக்கச் சேர்ந்து பாட, மாஸ்டரே தாளம் தட்டினார்.

பூசை முடிந்ததும் அவர் எங்களைத் தேடி வந்தார்.

"அக்கா, அடுத்த வாரத்துல இருந்து குழுவுல வந்து நில்லுங்க."

"மைக்கு தாங்குமுங்களா?"

"நீங்க மைக்கை உட்டுத் தள்ளி நின்னுக்குங்க."

அம்மா சிரித்த சிரிப்பில் வாசலில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்று இன்வெர்ட்டரைப் போட ஒருவர் ஓடினார். அவர் சுவிட்சைத் தொடுவதற்குள், என் பக்கத்தில் நின்ற அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டார்.