வாய் உள்பக்கம்

இருபத்திரண்டு வருடமாகப் பெனிட்டோ மூட்டையை முதுகால்தான் அறிவான். தண்டையார்பேட்டை குடோன் வாசலில் லாரி வந்து நின்றதும் அதற்கு முதுகைக் காட்டிக் குனிவான். மேலே நிற்கும் இரண்டு பேர் மூட்டையை இழுத்து அவன் பிடரியில் சாய்ப்பார்கள். பிறகு நடப்பதுதான் அவன் வேலை. துவரம்பருப்பா, சர்க்கரையா, யூரியாவா என்பதைக் கழுத்தே சொல்லிவிடும். எந்த மூட்டையையும் அவன் முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்ததில்லை.

அதனால்தான் முப்பத்தொன்பது வயதில், மணல் மூட்டையைத் தரையிலிருந்து மார்போடு கட்டிப்பிடித்துத் தூக்கப் பழகியபோது, முன்பின் தெரியாத ஆளைக் கட்டிப்பிடித்ததுபோலக் கூச்சமாக இருந்தது.

தூக்கவே கூடாது என்றுதான் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மார்ச் மாதம் ஒருநாள் மூட்டையோடு சாய்வுப் பலகைமீது ஏறும்போது இடது கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போயிற்று. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இடுப்புப் பக்கம் முதுகெலும்பின் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, இனிமேல் தண்ணீர்க் குடம்கூடத் தொடாதே என்றார். வேறு என்ன வேலை தெரியும் என்று கேட்டார். பெனிட்டோ யோசித்தான். அவன் யோசித்து முடிப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அந்த வாரம்தான் குடோன் மேஸ்திரி செல்வம் ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்து காட்டினார். சாத்தாங்காட்டில் இரும்பு யார்டு வைத்திருக்கும் லோகநாதன் என்பவர் பலசாலிப் போட்டி நடத்துகிறார். ஐந்து மணல் மூட்டைகள், எண்பது கிலோவில் தொடங்கி நூற்றிருபதுவரை. அவற்றை மார்பளவு உயர மேடையில் யார் சீக்கிரம் ஏற்றுகிறாரோ அவருக்குக் கோப்பையும் யார்டில் நிரந்தர வேலையும். என்ன வேலை என்று செல்வம் விசாரித்துவிட்டே வந்திருந்தார். லாரியைச் சரக்கோடு எடை போடும் வேபிரிட்ஜில் வேலை. லாரி மேடைமேல் ஏறும். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து பொத்தானை அமுக்கிச் சீட்டைக் கிழித்துக் கொடுக்க வேண்டும். ஃபேன் இருக்கிறது. நாற்காலி சுழலும்.

இராயபுரத்து வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி ஜானட் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"தூக்காதன்னு டாக்டர் சொன்னாரு. தூக்காத வேலைக்கு நீ தூக்கிக் காட்டப் போறியா?"

"அஞ்சே அஞ்சு மூட்டை. அப்பால சாவுற வரிக்கும் குந்திகினு இருப்பேன்."

மூன்றாம் நாள் அவள் தன் பழைய புடவை ஒன்றை நீளவாக்கில் கிழித்து, நான்காக மடித்து, அவன் இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். மூச்சு விட முடிகிறதா என்று கேட்டாள். முடியவில்லை என்றான். அப்படியென்றால் சரி என்றாள்.

குடோனின் பின்புறத்தில் செல்வம் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். தார்ப்பாயில் மணலைக் கொட்டி, உருட்டி, டேப் சுற்றி ஐந்து உருண்டைகள் செய்துகொண்டார்கள். தினமும் குடோனில் வேலை தொடங்குமுன் பழகினான். குந்தி உட்கார்ந்து உருண்டையை முதலில் தொடைமேல் இழுத்துக்கொள்ள வேண்டும். கைகளை அதன் அடியில் பின்னிக்கொண்டு எழ வேண்டும். எழும்போதே இடுப்பால் ஒரு தள்ளு. ஐந்தையும் ஏற்றி முடிக்கும் நேரம் மூன்று வாரத்தில் எழுபத்தைந்து நொடியிலிருந்து அறுபதாகக் குறைந்தது. இடது பாதத்தில் செருப்பு கழன்றுபோனால்கூடத் தெரியாத நிலைமை வந்திருந்தது. அதை அவன் ஜானட்டிடம் சொல்லவில்லை.

போட்டி நடக்கும் ஞாயிற்றுக்கிழமை ஜானட் கோயிலுக்குப் போனாள். பூசை முடிந்து நேராக வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். பெனிட்டோவும் செல்வமும் சாத்தாங்காட்டுக்கு பஸ் ஏறினார்கள். இரும்பு மார்க்கெட்டுக்கு லீவு. கம்பிக் கட்டுகளுக்கு நடுவே பந்தல் போட்டு நாற்காலிகள் வைத்திருந்தார்கள். பத்து மணிக்கே இரும்பிலிருந்து வெக்கை கிளம்பியது. கேட்டை ஒட்டிக் கண்ணாடி அறை இருந்தது. அதன் கதவு பூட்டியிருந்தது. பெனிட்டோ கண்ணாடியில் கையை அணைத்து வைத்து உள்ளே பார்த்தான். நாற்காலியின் பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை.

பதினோரு பேர் வந்திருந்தார்கள். முதல் எட்டுப் பேரில் ஐந்தாவது மூட்டையை ஏற்றியவர்கள் மூன்றே பேர். ஒன்பதாவதாகப் போன ரவிக்குமார், கத்திவாக்கத்து மீனவர் வீட்டுப் பையன், ஜிம்மில் வளர்த்த உடம்பு, அறுபத்திரண்டு நொடியில் முடித்தான். பத்தாவது ஆள் நான்காவதில் விட்டுவிட்டான். பெனிட்டோ கடைசி.

மூட்டைகளுக்குப் பக்கத்தில் போய் நின்ற பிறகுதான் அவன் கவனித்தான். அவை சாக்கு மூட்டைகள். வாயைச் சணல் கயிற்றால் தைத்திருந்தார்கள்.

குடோனில் ஒன்றன்மேல் ஒன்றாக அட்டி அடுக்கும்போது மூட்டையின் வாய் உள்பக்கம் இருக்க வேண்டும். வெளியே இருந்தால் தையல் விடும், சரக்கு ஒழுகும், மூட்டை தொய்யும், மேலே இருக்கிற வரிசை சரியும். பெனிட்டோ வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அப்படிச் சரிந்தது. அடியில் சிக்கிக்கொண்ட, கூட வேலை பார்த்த லியோனார்டை வெளியே எடுத்தபோது அவன் வாய் நிறைய பருப்பு இருந்தது. வாய் வெளியே இருந்த மூட்டை யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை. தான் வைத்ததாக இருக்குமோ என்று பெனிட்டோ மட்டும் நெடுநாள் கேட்டுக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அவன் கை எந்த மூட்டையையும் வாய் வெளியே விட்டதில்லை. அவனைக் கேட்காமலேயே கை அதைச் செய்துவிடும்.

விசில் ஊதினார்கள்.

எண்பது ஏறியது. தொண்ணூறு ஏறியது. இரண்டும் எப்படியோ வாய் உள்ளே போய் உட்கார்ந்தன. நூறு கிலோ மூட்டை மேடையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. அதன் வாய் இவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. விட்டுவிட்டு அடுத்ததற்கு ஓடினான். நூற்றிப்பத்தைத் தொடைமேல் இழுக்கும்போது புடவைக் கட்டு ஒரு சுற்று தளர்ந்தது. அதையும் ஏற்றினான். செல்வம் நேரத்தைக் கத்திச் சொன்னார். முப்பத்தெட்டு.

ஐந்தாவதை நோக்கித் திரும்பியவன் கண்ணில் மூன்றாவது மூட்டை பட்டது. தையல் ஓரத்தில் நூலிழைபோல மணல் வடிந்துகொண்டிருந்தது.

பெனிட்டோ திரும்பிப் போனான். இரண்டு கையாலும் மூட்டையின் காதுபோன்ற மூலைகளைப் பிடித்து இழுத்து, புரட்டி, வாயை உள்ளே தள்ளினான். உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டிச் சமன் செய்தான். அப்போதுதான் பந்தலில் சிரிப்பு எழுந்தது அவன் காதில் விழுந்தது.

"இன்னா மாமு, குடோன்ல கீறோம்னு நென்சிகினியா?" என்றான் ஒருவன்.

செல்வம் விடு நைனா, விடு நைனா என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

நூற்றிருபதைத் தூக்கும்போது முதுகுக்குள் ஏதோ ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கியது. மூட்டை மேடையில் உட்கார்ந்தது. விசில் ஊதினார்கள். அறுபத்தேழு.

புரட்டியதற்கு எட்டு நொடி என்று செல்வம் பிறகு கணக்குச் சொன்னார். ஒரு தடவை சொன்னார். மறுபடி சொல்லவில்லை.

ரவிக்குமாருக்குக் கோப்பை கொடுத்து மாலை போட்டார்கள். அவன் மாலையோடு பெனிட்டோவிடம் வந்தான். நல்ல பையன். அண்ணே, நீங்க அத்தத் தொடாம இருந்தா நான் இல்லண்ணே என்றான். பிறகு கண்ணாடி அறையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"நாள் முழுக்க அதுக்குள்ளயே குந்திகினு இருக்கணுமாண்ணே? பேஜாரா இருக்காது?"

பெனிட்டோவுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. இருக்கும்பா என்றான்.

கூட்டம் கலைந்தது. லோகநாதன் மேடையைச் சுற்றி வந்து மூட்டைகளைப் பார்த்தார். பந்தல்காரன் மேடையைக் கழற்ற வேண்டும் என்றான். மூட்டைகளை லாரியில் ஏற்றிப் பின்பக்க ஷெட்டில் போட வேண்டும். யார்டு ஆட்களுக்கு லீவு. லோகநாதன் பெனிட்டோவைப் பார்த்தார். அவர் குரலில் கேலி இல்லை.

"நீதான் நல்லா அடுக்குற. இத்த ஏத்தி வுட்டுட்டுப் போயிடேன்."

செல்வம் வாயைத் திறந்தார். பெனிட்டோ அவர் தோளைத் தொட்டுவிட்டு மேடைக்கு முதுகைக் காட்டிக் குனிந்தான். பந்தல் ஆட்கள் இரண்டு பேர் நூற்றிருபதை இழுத்து அவன் பிடரியில் சாய்த்தார்கள். மணல் என்றது கழுத்து. அவன் நடந்தான். இடது காலை எங்கே வைக்கிறோம் என்று பார்த்துப் பார்த்து வைத்தான்.

மூன்றாவது மூட்டையோடு அவன் பலகையில் ஏறிக்கொண்டிருந்தபோது ஜானட் கேட்டுக்குள் வந்தாள். கோயில் புடவை, கையில் தூக்குச்சட்டி. அவனை அந்தக் கோலத்தில் பார்த்து நின்றாள். பந்தலைப் பார்த்தாள். வெறும் நாற்காலிகளைப் பார்த்தாள்.

"ஜெயிச்சவங்கதான் ஏத்தணுமா?" என்று கேட்டாள்.

அவன் மூட்டையை லாரிக்குள் இறக்கினான். புரட்டி வாயை உள்ளே தள்ளினான். இரண்டு தட்டுத் தட்டினான். அவள் பக்கம் திரும்பாமலே சொன்னான்.

"இன்னும் ரெண்டு கீது. நீ குந்து."