சரிவில் பார்த்த ஒயில்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையும் காரின் எஞ்சின் ஒயில் மேல்கோடு வரை இருந்தது. பொனட்டைத் திறந்து, ஒயில் குச்சியை உருவி, பழைய பனியன் துணியால் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்துப் பார்த்தேன். குச்சியில் இரண்டு கோடுகள் உண்டு. கீழ்க்கோட்டுக்குக் கீழே போனால்தான் ஆபத்து. பக்கத்தில் நின்ற மாமா, என் மனைவியின் அப்பா, "என்ன மாப்புள, வண்டிக்குச் சாப்பாடு இருக்கா?" என்றார். "நிறைய இருக்கு மாமா" என்றேன். எனக்கு அன்று பெருமையாகக்கூட இருந்தது.

நான் யாழ்ப்பாணத்தான். மலைநாட்டில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு ஆசிரியராக வந்தவன், இங்கேயே கல்யாணம் செய்து மாமா வீட்டோடு தங்கிவிட்டேன். பழைய கார் ஒன்று வாங்கியதும், அதை வீட்டிலேயே கவனித்துக்கொள்வது எப்படி என்று கைபேசியில் வீடியோ பார்த்துப் படித்தேன். ரேடியேட்டருக்குத் தண்ணீர், டயருக்குக் காற்று, பேட்டரி முனையில் பூக்கும் வெள்ளைத் தூளுக்குச் சுடுதண்ணீர். எல்லா வீடியோவும் "காரைச் சமதரையில் நிறுத்துங்கள்" என்றுதான் தொடங்கும். அதை வணக்கம் சொல்வதைப் போலக் கேட்டுவிட்டுக் கடந்துவிடுவேன். நான் பிறந்த ஊரில் எல்லாமே சமதரைதான். அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் வீட்டு வாசலோ ஒரே இறக்கம். மாமா தோட்டத்தில் தொழிலாளர்களை மேற்பார்த்து ஓய்வு பெற்ற கங்காணி. கார் ஓட்டத் தெரியாது, ஆனால் அதை நிறுத்துவதில் அவர் வைத்ததுதான் சட்டம். "மூஞ்சி கீழ பார்க்க நிறுத்துங்க மாப்புள. காலையில குளிருக்கு அது எந்திரிக்காது. உருட்டி விட்டா தன்னால ஓடும்" என்பார். மலையில் பழைய கார் வைத்திருக்கும் எல்லோரும் செய்வது அதைத்தான். நான் எஞ்சினை அணைக்கும் முன்பே அவர் இறங்கிப்போய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்திருப்பார். ஹேண்ட் பிரேக்கை அவர் கடைசிவரை நம்பவில்லை.

அந்த வாரம் புதன்கிழமை மத்தியானம் அவருக்கு நெஞ்சு வலித்தது. தோட்டத்து மருந்தகத்தில் உடனே நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பின் இருக்கையில் மனைவி அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். நானுஓயாவைத் தாண்டிய ஏற்றத்தில் ஒயில் விளக்குச் சிவப்பாக எரிந்தது. அது எரிந்தால் வண்டியை நிறுத்த வேண்டும் என்று படித்திருக்கிறேன். ஆனால் ஒயில் மேல்கோடு வரை இருப்பதை என் கண்ணால் பார்த்தவன் அல்லவா? விளக்குத்தான் பழுது என்று முடிவு செய்து இன்னும் அழுத்தி மிதித்தேன். இரண்டு வளைவுகள் போனதும் உள்ளே ஏதோ சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. மாமா கண்ணைத் திறக்காமல், "கல்லு வைங்க மாப்புள" என்றார். வைத்தேன். வேறு வேன் கிடைக்க அரைமணி நேரத்துக்கு மேலானது. ஆஸ்பத்திரி வாசலில் அவரைக் கீழே இறக்கியபோது உயிர் இல்லை.

பிறகு நானுஓயா கராஜில் மெக்கானிக், ஒயில் பாதிகூட இல்லை என்றார். எங்கே நிறுத்தி வைத்துப் பார்ப்பீர்கள் என்று கேட்டார். சொன்னேன். மூக்கு கீழே பார்த்து நின்றால் இருக்கிற ஒயில் எல்லாம் முன்னால் குச்சிப் பக்கம் ஓடிவந்துவிடும், குறைந்திருந்தாலும் நிறைந்ததாகத்தான் காட்டும் என்று சிரித்தபடி விளக்கினார். அவருக்கு மாமாவைப் பற்றித் தெரியாது. வீட்டில் நான் இதைச் சொல்லவில்லை. சாவு வீட்டில் எல்லோருக்கும் தேநீர் கொடுத்தேன், நாற்காலி எடுத்துப் போட்டேன். அழுகை வரவில்லை. இன்றுவரை வந்ததில்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடப்பதுபோல நாள்கள் போயின.

மூன்று வருடமாகிறது. எஞ்சினைத் திருத்தியாயிற்று. இப்போது ஒயில் பார்க்க ஞாயிறுதோறும் காரைப் பெரட்டுக் களத்துக்குக் கொண்டுபோகிறேன். காலையில் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கும் அந்த இடம் மட்டும்தான் இங்கே சமதரை. கார் ஓட்டப் பழகிப் போன மாதம் சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்த மனைவியும் இந்த ஞாயிறு கூட வந்தாள். "ஏங்க, இதுக்கு எதுக்கு இவ்வளவு தூரம்? அப்பா இருந்தப்ப வாசல்லதானே பார்ப்பீங்க?" என்றாள்.

சொல்லிவிட்டேன். சிவப்பு விளக்கையும் சேர்த்துச் சொன்னேன்.

அவள் என் கையிலிருந்த துணியை வாங்கினாள். குச்சியைத் துடைத்து, விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். "சாவியக் குடுங்க" என்றாள். வீடு வரும்வரை அவளே ஓட்டினாள்.

வாசலில் அத்தை, மாமாவின் மனைவி, உட்கார்ந்திருந்தார். காரைக் கண்டால் அவருக்கு அந்தப் பேச்சு வந்துவிடும். "அன்னைக்கு மட்டும் அது ஏன்டி அப்படி நின்னுச்சு?" என்று மகளிடம் கேட்டார். நான் கார்க் கதவைப் பிடித்தபடியே நின்றேன். அவள் சொல்லப் போகிறாள் என்று தெரிந்தபோதும் எனக்குப் பயம்கூட வரவில்லை.

"பழைய வண்டிம்மா" என்றாள் என்னைப் பார்க்காமலே. "அவரு என்ன செய்வாரு?"