கிளிக்கு நகம் வெட்டிய ஞாயிறு

எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடிந்திருக்கவில்லை. தூத்துக்குடியில் சின்னதாக ஒரு வாடகை வீடு. எனக்குத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. மனைவி சாத்தான்குளத்துக்காரி. வரும்போது பெட்டி படுக்கையோடு தான் வளர்த்த பச்சைக்கிளியையும் கொண்டுவந்திருந்தாள். அந்த மாதங்களில் என்னோடு பேசியதைவிட அதோடு அவள் பேசியதுதான் அதிகம்.

கூண்டுக்குள் அது உட்கார்ந்திருந்தது வழவழப்பான இரும்புக் கம்பியில். உரசித் தேய வழியில்லாமல் நகங்கள் கொக்கிபோல வளைந்துவிட்டன. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்து கிளியை வெளியே விட்டோம். காக்கை நுழையாமலிருக்க ஜன்னலில் நான் கட்டியிருந்த நைலான் வலையில் போய்த் தொற்றியது. நகம் மாட்டிக்கொண்டது. தலைகீழாகத் தொங்கி ஒரே கத்தல். பிளேடால் வலையை அறுத்துத்தான் எடுத்தேன். நல்லவேளை, கால் ஒடியவில்லை.

“இன்னைக்கே நகத்த வெட்டிரணும்” என்றாள்.

“எனக்குப் பழக்கமில்லயே.”

“எங்க வீட்டுல அப்பா வெட்டுவாவ, பாத்திருக்கேன். நான் புடிச்சுக்கிடுதேன், நீங்க வெட்டுங்க.”

பழைய துண்டில் அதைச் சுற்றி, ஒரு காலை மட்டும் வெளியே விட்டாள். துண்டைத் தளர்வாகத்தான் பிடித்திருந்தாள். நெஞ்சை அமுக்கினால் மூச்சு முட்டிவிடுமாம். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தபோது நகத்துக்குள் ரத்தம் ஓடும் இடம் மங்கலாகத் தெரிந்தது. அதற்கு வெகு முன்னாலேயே, வளைந்த நுனியை மட்டும் நகவெட்டியால் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கினேன். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. கடைசி நகத்தில் கிளி காலை வெடுக்கென்று இழுத்தது. துண்டில் சிவப்பாக ஒரு பொட்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பெரிதானது.

நகவெட்டியைக் கீழே போட்டுவிட்டேன். “மாவு! மாவ எடுத்துட்டு வாங்க!” என்று கத்தினாள். அடுப்படியிலிருந்து கோதுமை மாவை அள்ளி வந்தேன். நகத்தின் நுனியில் அதை அப்பி, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கையை எடுத்தபோது ரத்தம் நின்றிருந்தது.

ஆனால் கூண்டில் விட்ட கிளி கம்பியில் ஏறவில்லை. தரையிலேயே இறகை உப்பிக்கொண்டு கண்ணை மூடிவிட்டது. அவள் அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த வீட்டில் இவளுக்கென்று யார் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியது. திடீரென்று கிளி உடம்பைச் சிலிர்த்தது. அலகால் கம்பியைப் பிடித்து மேலே ஏறித் தண்ணீர் குடித்தது. அவள் பயந்து பயந்து ஒரு பச்சைமிளகாயை நீட்டினாள். வெடுக்கென்று பிடுங்கி, கொறித்துத் துப்பியது.

அவளுக்கு ஒரே நேரத்தில் அழுகையும் சிரிப்பும் வந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

“கிளியவிட நீங்கதான் ரொம்பப் பயந்துட்டிய. மூஞ்சியப் போய்க் கண்ணாடியில பாருங்க” என்றாள்.

பார்த்தேன். நெற்றியெல்லாம் கோதுமை மாவு.

ஆறிப்போன மீன்குழம்பை ஊற்றி இருவரும் சேர்ந்து சாப்பிட்டோம். தன் தங்கைகளைப் பற்றியும், கல்யாணத்துக்கு முன்னால் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தைப் பற்றியும், ஊரில் கிணற்றுக்குள் விழுந்த ஆட்டைப் பற்றியும் சொல்லிக்கொண்டே இருந்தாள். கை காய்ந்துபோயும் நாங்கள் எழுந்திருக்கவில்லை.